வீடு மாறும்போது மீன் தொட்டியைக் கொண்டுசெல்லுதல்

வீடு மாறுவதென்று முடிவானதும், மற்றப் பொருள்களைக் கட்டி ஏற்றும் பொறுப்பை ஆட்களிடம் விட்டுவிட்டு, மீன் தொட்டியை மட்டும் நானே கொண்டுசெல்வதென்று தீர்மானித்துக்கொண்டேன். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட, விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர் கொள்ளும் சாதாரணக் கண்ணாடித் தொட்டி அது. ஒரு கூட்டம் நியான் டெட்ரா, அடித்தளத்தைக் கிளறித் திரியும் கோரிடோராஸ் சில, ஒரு ஜோடி ஹனி கௌராமி, செர்ரி இறால்கள், எந்தச் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்தன என்று எனக்கே தெரியாத நத்தைகள் ஆகியவை அதில் இருந்தன. புதிய வீடு சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. மீன்கள் யாவும் நலமாகப் போய்ச் சேர்ந்தன. அதற்கு, நான் அவற்றைப் பிடித்த விதத்தைவிட, அவற்றோடு கூடவே வந்த, வடிகட்டியின் ஒரு துண்டு அழுக்குப் பஞ்சுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதை விளக்குவதற்கு முன்பு, தொட்டியைத் தண்ணீரோடு அப்படியே தூக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. சிறிய தொட்டி என்று நாம் சொல்லும் என் தொட்டியிலேயே தண்ணீர் மட்டும் 50 கிலோவை நெருங்கும்; அதன் மீது சரளைக்கல், பாறை, கண்ணாடி ஆகியவற்றின் எடையும் சேரும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் எடையில் மட்டும் இல்லை. சமமான மேடையில் அடிப்பகுதி முழுவதும் படிந்து நிற்பதற்காகச் செய்யப்பட்ட தொட்டியை இரு முனைகளில் பிடித்துத் தூக்கும்போது அடிக்கண்ணாடி வளைகிறது. நடக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பி, மூலைகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோனை இழுக்கிறது. அந்த நேரத்தில் ஒன்றும் உடையாமல் போகலாம். புதிய வீட்டில் தொட்டியை நிரப்பிச் சில வாரங்கள் கழித்து ஒரு மூலையில் நீர் கசியத் தொடங்கும்போது காரணம் யாருக்கும் புலப்படாது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தூக்குவதும் இதே ஆபத்தைக் கொஞ்சம் குறைத்துச் செய்வதே ஆகும். தண்ணீர், மீன், செடி, கல் என எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தொட்டியைத்தான் தூக்க வேண்டும். அப்போதும் மேல் விளிம்பைப் பிடிக்காமல், அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

இனி பஞ்சுக்கு வருகிறேன். மீன்கள் தம் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் அழுகிய இலையும் மேலும் அம்மோனியா தருகின்றன. ஆறு, குளங்களில் அது பெரும் நீர்ப்பரப்பில் கரைந்து போய்விடும். 54 லிட்டரில் அதற்குப் போக்கிடம் இல்லை. தொட்டியில் அதை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன; வேறொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகவும் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் என்னும் இனம் செய்வதாகவே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பெயர் எதுவானாலும், தொட்டியை இடம் மாற்றுபவர் மனத்தில் வைக்க வேண்டியவை மூன்று. இந்த உயிரிகளில் மிகச் சிலவே தண்ணீரில் மிதக்கின்றன. பெரும்பாலானவை வடிகட்டியின் பஞ்சு, சரளைக்கல், செடி, பாறை ஆகியவற்றின் மேற்பரப்பில் படலமாக ஒட்டி வாழ்கின்றன. அவற்றுக்கு ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். மேலும் அவை மிக மெதுவாகவே பெருகுகின்றன. புதிதாக அமைத்த தொட்டி ஒன்றில் அவை போதிய அளவு வளர்ந்து நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பஞ்சு காய்ந்தோ மூச்சுத் திணறியோ செத்துவிட்டால், எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாலும், மீன்கள் புதிய தொட்டி ஒன்றில் முதல் நாள் விடப்பட்ட மீன்களின் நிலைக்கே தள்ளப்படுகின்றன.

பழைய தண்ணீரை ஒரு சொட்டுகூடக் கீழே கொட்டாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்று பலர் பாடுபடுவதை நான் பார்த்திருக்கிறேன். பழைய தண்ணீரால் பயன் இல்லாமல் இல்லை: வெப்பமும், கரைந்த தாது உப்புகளால் வரும் கடினத்தன்மையும், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் மீன்களுக்குப் பழகியவையாக இருக்கும். ஆனால் வடிகட்டும் ஆற்றல் அதில் இல்லை. நான் பாதியளவு தண்ணீரை மட்டும் எடுத்துச் சென்றேன். அவ்வளவு எடுத்ததற்கும் காரணம், புதிய வீட்டின் குழாய்த் தண்ணீர் பழைய வீட்டுத் தண்ணீரைவிடச் சற்றுக் கடினமானது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான்.

அதைத் தெரிந்துகொள்வது எளிது. வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, சாதாரணச் சோதனைத் திரவங்களால் பி.எச்., கடினத்தன்மை, குளோரின் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். பிடித்த உடனே பார்க்கும் பி.எச். அளவு நம்பத் தக்கதன்று. குழாய்க்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயுக்கள் வெளியேற ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். குளோரின் மட்டும் கலந்த தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, பம்பின் காற்றைச் சிறு குமிழ்களாக விடும் காற்றுக்கல்லைப் போட்டாலோ அது போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள குளோரின் நீக்கும் மருந்து குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். ஆகவே அந்த அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இரண்டாவது வகை மருந்தையே வைத்துக்கொள்வது நல்லது.

மாறுவதற்கு முந்தைய வாரத்தில் தொட்டியைப் பளபளவென்று சுத்தம் செய்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வடிகட்டியைத் தொடவே கூடாத வாரம் அது. வழக்கமான நீர் மாற்றத்தைச் சிறு அளவுகளாகச் செய்யலாம். அடித்தளத்தில் தேங்கிய கசடை உறிஞ்சி எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். புதிய மீன் வாங்குவதற்கும் அது வேளையன்று. புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட்டேன். வளர்ந்த, நலமான மீன்கள் ஓரிரு நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். வயிறு காலியாக இருக்கும் மீன் பயணத்தின்போது தன் தண்ணீரை மிகக் குறைவாகவே கெடுக்கும். பாவம் பசிக்குமே என்று கிளம்பும் முன் ஒரு சிட்டிகை தூவுவது அன்பாகத் தோன்றினாலும், வாளிக்குள் அது அம்மோனியாவாகவே திரும்பி வரும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. சோப்பு ஒருபோதும் படாத, மூடியுள்ள வாளிகள் சில, பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று, தெர்மாகோல் பெட்டி, உறிஞ்சுகுழாய், இரண்டு வலைகள், தடித்த பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் வளையங்களும், நிறையப் பழைய துணிகள். வாளிகளைப் புதிதாக வாங்கி, வெறுந்தண்ணீரில் மட்டும் கழுவி, அவை மீனுக்கு மட்டுமே என்று மூடியில் எழுதி வைத்தேன். வீடு மாறும் குழப்பத்தில் யாராவது அவற்றில் துடைப்பத்தை நனைத்துவிட்டால், எவ்வளவு அலசினாலும் பிறகு நம்ப முடியாது.

அன்றைய வேலையின் வரிசையைப் பொறுத்தே பாதி வெற்றி அமைகிறது. பழைய வீட்டில் கடைசியாகக் கழற்றப்படுவதும் புதிய வீட்டில் முதலாவதாக அமைக்கப்படுவதும் மீன் தொட்டியாக இருக்க வேண்டும். மீன்கள் வாளியில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. மற்ற சாமான்கள் எல்லாம் ஏறிய பிறகே நான் தொட்டியில் கை வைத்தேன். முதலில் ஹீட்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, குறைந்தது கால் மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டேன். சூட்டோடு வெளியே எடுத்தால் அதன் கண்ணாடிக் குழல் வெடித்துவிடக்கூடும். அதன் பிறகு உறிஞ்சுகுழாயால் தெளிந்த தண்ணீரை வாளிகளில் நிரப்பினேன். கல்லையும் செடியையும் கலைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கலைத்த பிறகு எடுக்கும் தண்ணீரில் கசடுதான் மிகுந்திருக்கும்.

செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையிலிட்டேன். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவை கட்டையில் ஒட்டி வளர்பவை என்பதால் கட்டையோடு சேர்த்து ஒரு வாளியில் இறக்கிவிட்டேன். மறைவிடங்கள் எல்லாம் வெளியேறி, தண்ணீரும் ஒரு சாண் அளவுக்கு இறங்கிய பிறகுதான் மீன் பிடிக்கத் தொடங்க வேண்டும். நிறைந்த தொட்டியில் ஒரு நியான் டெட்ராவைத் துரத்துபவர் தொட்டி முழுவதையும் மிரள வைக்கிறார். ஒரு வலையை ஓரமாக அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் மெல்ல ஓட்டிவிட்டால் கூட்டமாகவே உள்ளே வந்துவிடும். கோரிடோராஸை மட்டும் வலையில் பிடிக்காதீர்கள். அதன் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் உள்ள முட்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும்; விடுவிக்கும் முயற்சியில் மீனுக்கும் காயம், விரலுக்கும் குத்து. ஓர் அகன்ற கோப்பையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்தே தூக்குவது பாதுகாப்பானது. பையில் கொண்டுசெல்வதானாலும் இதே முட்கள் பையைத் துளைக்கக்கூடும் என்பதால் இரட்டைப் பை போட வேண்டியிருக்கும்.

பையா, வாளியா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சில மணி நேரப் பயணத்துக்கு, முக்கால் அளவுக்குக் கீழே நிரப்பி, மூடியில் சிறு துளையிட்டு, காற்றுக்கல் இறக்கிய வாளியே சிறந்தது. தண்ணீர் மிகுதியாக இருப்பதால் வெப்பம் விரைவாக மாறாது. கழிவும் நீர்த்துப் போகும். மூடியைத் திறந்து ஒரு முறை பார்க்கவும் முடியும். பையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு காற்றுமாக நிரப்ப வேண்டும். தண்ணீர் அதிகம் இருந்தால் மீனுக்கு வசதி என்று எண்ணுவது தவறு. மீன் மூச்சு விடுவது அந்தக் காற்றிலிருந்து கரைந்துவரும் ஆக்சிஜனால்தான். அடிமூலைகளை ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் சிறு மீன்கள் அங்கே நசுங்குவதைத் தவிர்க்கலாம். கௌராமி, பெட்டா போன்றவை மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை. அவற்றின் பையிலோ வாளியிலோ தண்ணீருக்கு மேல் காற்றிடம் கட்டாயம் இருக்க வேண்டும். இறால்களை மீன்களோடு சேர்க்காமல், பற்றிக்கொள்ள ஒரு கொத்துப் பாசியோடு தனி டப்பாவில் விட்டேன்.

மீன்கள் வாளிக்கு வந்த பிறகு, கடைசியாக வடிகட்டியை நிறுத்தினேன். ஓட்டம் நின்றதுமே பஞ்சுக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீரத் தொடங்குகிறது. மூடிய குடுவை வடிவ வடிகட்டியை அப்படியே இறுக்கி மூடிக் கொண்டுசெல்வதுதான் மிக மோசமான வழி. உள்ளே தேங்கிய சிறிதளவு நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, உயிரிகள் மடிந்து, அழுகல் தொடங்கி, புதிய இடத்தில் மின் இணைப்பைக் கொடுத்ததும் அந்தக் கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைந்த அகன்ற வாளியில் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, பேட்டரிப் பம்பின் இரண்டாவது குழாயை அதற்குள் விட்டேன். பம்பில் ஒரே குழாய்தான் இருந்திருந்தால்கூட, குறுகிய பயணத்தில் அதைப் பஞ்சு வாளிக்கே கொடுத்திருப்பேன். பெரிய வாளியில் நெரிசலின்றி இருக்கும் சிறு மீன்கள் சில மணி நேரம் பம்பின்றிச் சமாளித்துவிடும். பஞ்சின் உள்மடிப்புகளில் நெருங்கி வாழும் உயிரிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்.

சரளைக்கல்லிலும் நல்ல உயிரிகள் இருக்கின்றன என்பதால் அதையும் ஈரமாகவே எடுத்தேன். ஆனால் கலைத்த சரளையிலிருந்து கசடு குபுகுபுவென்று எழும் என்பதால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசிக்கொண்டேன். ஆழமாகப் படிந்த அடித்தளத்தைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மீனுக்குக் கொடிய நஞ்சு. மீன்களை வெளியேற்றும் முன் சரளையைக் கிளறக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வாளிகள் வண்டியில் என் காலடியில் வந்தன. சாமான் ஏற்றும் மூடிய பின்பகுதியில் வெயிலில் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று யாராலும் கணிக்க முடியாது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனும் குறைகிறது. 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் 7.5 மில்லிகிராமாகச் சுருங்குகிறது. அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. மீன் வாளியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, மேலே துணி போட்டு மூடிவிட்டால் வெப்பமும் நிலையாக இருக்கும், இருட்டில் மீனும் அமைதியாக இருக்கும். அடிக்கடி திறந்து பார்ப்பதால் நம் மனத்துக்கு வேண்டுமானால் ஆறுதல் கிடைக்கும்.

புதிய வீட்டில், வாசலிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் விலகிய ஓரிடத்தை முன்பே குறித்து வைத்திருந்தேன். மேசையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, தொட்டியின் அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பைப் போட்டு, தொட்டியை ஏற்றி, சரளையைப் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, பழைய தண்ணீரை அந்தத் தட்டின் மீது ஊற்றினேன். இப்படி ஊற்றினால் கசடு கிளம்பாது. கால்வாசி நிறைந்ததும் மூலைகளைக் காகிதத்தால் ஒற்றிக் கசிவு உண்டா என்று பார்த்துக்கொண்டேன். அடுத்து, குளோரின் நீக்கி, பழைய தண்ணீரின் வெப்பத்துக்குச் சமமாக்கிய குழாய்த் தண்ணீர். மருந்தின் அளவைத் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டுப் போட வேண்டும். பஞ்சை உடனே வடிகட்டியில் பொருத்தி ஓடவிட்டேன். ஹீட்டரை மட்டும், புதிய தண்ணீரின் வெப்பம் அதன் குழலுக்குள்ளும் பரவட்டும் என்று, சிறிது நேரம் கழித்தே இணைத்தேன்.

மீன்களைத் தொட்டிக்குள் விடும் முன், வாளித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் பழக்கினேன். இறால்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்; மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவதே அவற்றுக்கு ஏற்றது. ஆனால் மூடிய பையில் நெடுநேரம் பயணம் செய்த மீன்களுக்கு இந்தப் பொறுமையே ஆபத்தாகலாம். பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். அளவைத் தாழ்த்தியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி, தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, நஞ்சான வடிவம் பெருகும். 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.6 விழுக்காடு அளவே நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 என்றால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே நெடும்பயணப் பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

அன்று விளக்கைப் போடவில்லை. நியான் டெட்ராக்கள் நிறம் வெளுத்து ஒரு மூலையில் நெருங்கி நின்றன. அது அச்சத்தின் அடையாளம், நோயன்று. மறுநாள் நீலமும் சிவப்பும் திரும்பின. தீனியும் மறுநாள்தான், அதுவும் வழக்கத்தில் பாதிக்கும் குறைவாக.

இதன் பிறகு வரும் இரண்டு வாரங்களைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். மீன்கள் நன்றாக நீந்துகின்றன என்பதாலேயே நுண்ணுயிரிகளும் நலமாக உள்ளன என்று கொள்ள முடியாது. முதல் வாரம் நாள்தோறும், அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்தேன். எனக்கு அம்மோனியா மெல்லிய தடயமாகத் தோன்றி மறைந்தது. எந்த அளவிலாவது நிலையாகத் தெரிந்தால், கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றுவதும் தீனியைக் குறைப்பதும்தான் மருந்து. நைட்ரைட் தெரிந்தால், லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான சாதாரண உப்பு உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் இரத்தத்தில் நுழைவதைத் தடுக்கிறது. மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறினால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். தண்ணீர் பால்போல் லேசாகக் கலங்கினால் பதறத் தேவையில்லை. அம்மோனியா ஏறாத வரையில் அது சில நாள்களில் தானே தெளியும். அதைப் போக்குவதற்காக வடிகட்டியைக் கழுவுபவர்தான் உண்மையான சிக்கலை வரவழைக்கிறார்.

நாள் முழுவதும் நீளும் பயணமாக இருந்தால் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய வீட்டில் தொட்டி ஓடத் தொடங்கும் வரை மீன்களை அனுபவமுள்ள நண்பர் ஒருவரின் தொட்டியில், பஞ்சோடு சேர்த்து, விட்டுவைப்பது நல்லது. இடம் எட்டாத் தொலைவு என்றால் அவருக்கே கொடுத்துவிடலாம். என் தொட்டியில், இரண்டு சோதனைகளும் தொடர்ந்து சுழியத்தைக் காட்டத் தொடங்கிய பிறகே தீனியைப் பழைய அளவுக்கு உயர்த்தினேன்; பஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரில் பிழிந்து அலசியது அதற்கும் சில வாரங்கள் கழித்துத்தான்.